நான்கு மூலை சுற்றிய சுடுதண்ணீர்

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று கேட்டால், "அதுக்கென்ன, போட்டுரலாம்லா" என்றுதான் சொல்வார். எதற்கும் அப்படியே சொல்கிற மனிதரிடம் அனுமதி வாங்கி என்ன பிரயோசனம்? நகரத்துப் பிரிக்பீல்ட்ஸிலிருந்து தோட்டப்புறப் பந்திங் வரை எல்லாரும் அவரைச் சோலார் சார் என்றார்கள். இங்கேயும் அது போதும்.

மாட்டுக் கொட்டகைக்கும் கோழிப் பண்ணைக்கும் வெயிலில் தண்ணீர் காய்ச்சிக் கொடுப்பது அவர் தொழில். கறுப்புத் தகடு, அதில் பதித்த செப்புக் குழாய், மேலே கண்ணாடி, தகட்டின் தலைமாட்டில் ஒரு டேங்க். வெயிலில் குழாய்த் தண்ணீர் சூடானால் தானாக மேலே ஏறி டேங்குக்குள் போகும். டேங்கில் இருக்கிற பச்சைத் தண்ணீர் கீழே இறங்கித் தகட்டுக்கு வரும். மோட்டார் வேண்டாம், கரண்ட் வேண்டாம். டேங்கைச் சுற்றித் தடிப்பாக நுரை போர்த்திவிட்டால் விடிகிற வரைக்கும் சூடு நிற்கும். இதையெல்லாம் முறையாகப் படித்துவிட்டு வந்தவர். அவர் போட்ட கணக்கு தப்பி நான் பார்த்ததில்லை.

ஒரு பண்ணைக்கு முதல் முறை போனால், சுற்றிப் பார்த்துவிட்டு, தன் வேன் கதவில் படிந்த செம்மண் தூசியில் விரலால் படம் போட்டுக் காட்டுவார். தகடு இங்கே, டேங்க் இங்கே, குழாய் இப்படி. அந்தப் படம் எப்போதும் சரியாகவே இருக்கும். சாயங்கால மழை அதை அழித்துவிடும். மறுநாளிலிருந்து ஒவ்வொருவராக யோசனை சொல்ல வருவார்கள்.

நான் அவரிடம் பைப் வேலை பார்த்தவன். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு என் படிப்பு முடிந்தது. நாலு பேர் கூடுகிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. சாருக்கு நாலு பேர் கூடினால் தலை தானாக ஆடத் தொடங்கும். இப்படி இரண்டு பேர் சேர்ந்து ஒரு தொழில் நடத்தினால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

செலாயாங் சந்தைக்குக் கோழி அறுத்து அனுப்புகிற ஒருவருக்கு ஒருமுறை வேலை செய்தோம். இறகு பிடுங்கச் சுடுதண்ணீர் வேண்டும். சார் தகட்டைக் கிட்டத்தட்ட படுக்கையாகத்தான் வைத்தார், மழைத்தண்ணீர் வழிகிற அளவுக்கு லேசான சரிவோடு. கோழிக்காரர் கைப்பேசியை நீட்டிக்கொண்டு வந்தார்.

"சார், இங்க பாருங்க. வெள்ளக்காரன் ஊர்ல எப்படி நட்டமா நிமித்தி வச்சிருக்கான்! நீங்க என்னமோ பாய் விரிச்ச மாதிரி போட்டிருக்கீங்க."

"அங்க சூரியன் சாஞ்சு ஓடுது பாஸ். நமக்கு நேரா தலைக்கு மேல ஓடுது. படுத்து வாங்குனாத்தான் வெயில் பிடிக்கும்."

"அது சரி சார். ரோட்டுல போறவன் பார்க்கணும்ல? ஒரு கெத்து வேணாமா?"

"அதுக்கென்ன, நிமித்திரலாம்லா."

நிமிர்த்தினோம். உச்சி வெயில் தகட்டின் நெற்றியை மட்டும் தடவிவிட்டுப் போனது. கோழிகளின் இறகு பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருந்தது. கோழிக்காரர் பழைய கேஸ் அடுப்பையே திரும்ப மூட்டினார். ஆனால் வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் எல்லாரும் அந்தத் தகட்டின் முன்னால் நின்றுதான் படம் எடுத்துக்கொண்டார்கள். கெத்துக்கு ஒரு குறையும் இல்லை.

சாருடைய வேனைப் பார்த்தாலே அவர் குணம் தெரிந்துவிடும். பின் கண்ணாடியில் ஒரே தொகுதியில் எதிர் எதிராக நின்ற இரண்டு வேட்பாளர்களும் பக்கத்தில் பக்கத்தில் ஸ்டிக்கரில் சிரித்துக்கொண்டிருப்பார்கள். சண்டை போட்டுப் பிரிந்த கோயில் கமிட்டியின் இரண்டு பிரிவிலும் அவர் உறுப்பினர். இரண்டு தரப்பும் திருவிழா அன்று அவரை ஒரே நேரத்தில் வரச் சொல்ல, இரண்டு இடத்துக்கும் "வந்துரலாம்லா" என்று சொல்லிவிட்டு வேனிலேயே உட்கார்ந்திருந்தார். சீனி வியாதிக்காரர். ஆனாலும் யார் இனிப்பான தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தாலும் குடிப்பார். குடித்து முடித்ததும் என்னைப் பார்த்து, "மறுத்தா மனசு சங்கடப்படும்லா" என்பார்.

அவர் மனைவி தமாஷ்காரர். ஒருமுறை எனக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னார்: "தம்பி, இவருக்கு அன்னைக்கு மூணு எடத்துல பொண்ணு காட்டுனாங்க. மூணு எடத்துலயும் சரின்னுட்டு வந்துட்டாரு. எங்கப்பாதான் கடைசியா பேசுனாரு. அதான் நான் இங்க இருக்கேன்."

சார் குனிந்து ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரித்தேன். அது வெறும் தமாஷ் இல்லை என்பதைப் பந்திங் அக்காதான் பின்னால் கண்டுபிடித்தார்.

அக்காவுக்குப் பந்திங் பக்கம் செம்பனைக் காட்டை ஒட்டி ஒரு மாட்டுப் பண்ணை. அவர் கணவர் தினமும் பாலைப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். அந்த மனிதரைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் உண்டு. யோசனை கேட்டு அவர் பக்கம் யாரும் திரும்ப மாட்டார்கள், அவரும் சொல்ல மாட்டார். விடியற்காலையில் பால் கறப்பதற்கு முன்னால் கேன்களை நல்ல சுடுதண்ணீரில் கழுவ வேண்டும். இல்லையென்றால் பழைய பாலின் கொழுப்பு கேனில் ஒட்டியிருந்து புதுப் பாலைக் கெடுக்கும். அக்கா பல வருஷமாக டிரம்மில் தண்ணீர் ஊற்றி விறகு வைத்துக் காய்ச்சிக்கொண்டிருந்தார். பக்கத்தில் புதுத் தாமான் குடியிருப்பு ஒன்று எழும்பியது. வீடு வாங்கிக் குடிவந்தவர்கள் புகை வருகிறது என்று புகார் கொடுத்தார்கள். விறகு அடுப்பு நின்றது. கேஸ் வைத்துக் காய்ச்சினால் பால் விற்ற காசைவிடக் கேஸ் செலவு அதிகமானது.

சாப்பாட்டுக் கடை முதலாளிதான் சாரை அனுப்பிவைத்தார். சார் போய் இறங்கியதும் அக்கா சொன்னது இதுதான்:

"சார், எனக்கு ஒண்ணும் பெரிசா வேணாம். இருட்டோட எந்திரிச்சு பால் ரூம் கொழாயைத் தொறந்தா கை வைக்க முடியாத சூட்டுல தண்ணி வரணும். அது வந்தா மாடு நிக்கும். வரலைன்னா மாட்டை வித்துட்டு நான் தாமான்ல பாத்திரம் கழுவப் போவணும்."

"அதுக்கென்ன அக்கா, போட்டுரலாம்லா."

வேன் கதவில் படம் போட்டார். பால் ரூம் கூரை மேல் தகடு, அதன் தலைமாட்டில் டேங்க், அங்கிருந்து நேரே கீழே ஒரு குழாய். என் கையை இரண்டு முறை நீட்டி மடக்கினால் அளந்துவிடலாம், அவ்வளவு சின்னக் குழாய். அக்கா பார்த்துத் தலையாட்டினார். அன்று சாயங்காலம் மழை பெய்தது.

மறுநாள் போனபோது அக்காவின் அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அதே நிலத்தில் முன் வீட்டில் இருப்பவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு யோசனை சொல்வதை முழு நேரமாகச் செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் கிள்ளானிலிருந்து வரவழைத்த வாஸ்து ஐயா.

வாஸ்து ஐயா கேட்டார்: "சுடுதண்ணி நீரா, நெருப்பா?"

சார் யோசித்தார். அவர் படித்த படிப்பில் இந்தக் கேள்வி வந்திருக்காது.

"நீர்னா ஈசானிய மூலை, வடகிழக்கு. நெருப்புன்னா அக்னி மூலை, தென்கிழக்கு. ரெண்டையும் ஒரே கூரை மேல ஏத்தி வச்சா இந்தக் குடும்பத்துல தண்ணியும் நெருப்புமா அடிச்சுக்குவாங்க. அப்பறம் என்னைக் கேக்கக்கூடாது."

"அதுக்கென்ன ஐயா, பிரிச்சுப் போட்டுரலாம்லா."

பிரித்துப் போட்டோம். பச்சைத் தண்ணீர் டேங்க் வடகிழக்கில். வெயில் தகடு தென்கிழக்கில். பாரமான சாமான் கன்னி மூலையில்தான் இருக்க வேண்டும் என்று ஐயா சொன்னதால் சுடுதண்ணீர் டேங்க் தென்மேற்கில், அதற்கு ஒரு சிமெண்ட் மேடை. பால் ரூமோ வடமேற்கில், வாயு மூலையில். மாடு இருக்கிற இடம் அதுதான், அதை அசைக்கக்கூடாது என்று ஐயா பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார். தகடு ஒரு கோடியிலும் டேங்க் ஒரு கோடியிலும் போய்விட்டதால் தண்ணீர் தானாக ஏற வழியில்லை. ஒரு மோட்டார் வாங்கினோம். ஆக, ஈசானியத்தில் புறப்படுகிற தண்ணீர், அக்னியில் காய்ந்து, கன்னியில் இளைப்பாறி, கொட்டகையைச் சுற்றிப் பிரதட்சணம் முடித்துவிட்டுத்தான் பால் ரூமுக்கு வரும். ஒவ்வொரு மூலைக்கும் கொஞ்சம் சூட்டைக் காணிக்கையாகப் போட்டுவிட்டு வரும்.

அண்ணனுக்கு முட்டி வலி. "சார், டேங்க் என் வூட்டுக்குப் பக்கத்துலதான் வருது. அப்படியே என் பாத்ரூமுக்கு ஒரு லைன் இழுத்துருங்க. சாயந்தரம் ஒரு குளியல் போட்டா கால் நல்லா இருக்கும்."

"அதுக்கென்ன, இழுத்துரலாம்லா."

நான் இழுத்தேன். அக்கா பால் ரூம் வாசலில் நின்று பைப்பு எந்தத் திசையில் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

திறப்பு விழாவுக்கு ஒரு தலைவரைக் கூப்பிட்டார்கள். அவர் கட்சிக்காரர்களோடு உச்சி வெயிலில் வந்து, ரிப்பன் வெட்டி, குழாயைத் திறந்து கையை நீட்டி, "அம்மாடி!" என்று இழுத்துக்கொண்டார். எல்லாரும் கை தட்டினார்கள். உதறின கையோடு அவர் பேசினார்: நம் சமூகம் சூரியனையே குழாய்க்குள் கொண்டுவந்துவிட்டது. சாருக்கு மாலை விழுந்தது. யாரோ ஒருவர், "சார், அடுத்தது எங்க தாமான் நீச்சல் குளத்துக்குப் போடணும்" என்றார். சார் என்ன சொன்னார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

மறுநாள் விடிவதற்குள் அக்கா போன் செய்துவிட்டார். "சார், தண்ணி ஆத்துத் தண்ணி மாதிரி வருது." சாயங்காலம் அண்ணன் முட்டிக்காகக் குளித்ததோடு, வீட்டில் எல்லாரையும் வரிசையாகக் குளிக்க வைத்திருக்கிறார். மிச்சம் இருந்த சூடு நீண்ட பைப்பில் ஆறிப்போயிருக்கிறது. சார் போய்ப் பார்த்தார். பைப்புக்கு நுரை சுற்றினோம். அண்ணன் சொன்னார் என்று இன்னொரு மோட்டார் போட்டோம். ஐயா சொன்னார் என்று குழாயின் வாயைக் கிழக்கே திருப்பினோம். தண்ணீர் எந்தத் திசையில் விழுந்தாலும் பச்சைத் தண்ணீராகவே விழுந்தது.

ஒரு நாள் பிரிக்பீல்ட்ஸ் கடையில் சார் வழக்கம்போலத் தே வாங்கினார். நானும் எதிரே உட்கார்ந்திருந்தேன். கிளாஸில் வெள்ளை வெள்ளையாகத் திரிகள் மிதந்தன. பால் திரிந்துபோயிருந்தது. முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

"பார்த்தீங்களா சார்? உங்க சோலார் தண்ணில கழுவுன கேன்ல வந்த பாலு. மூணாவது தடவை இது. இன்னும் ஒரு தடவை ஆச்சுன்னா நான் பாக்கெட் பாலுக்குப் போயிருவேன். அந்தக்கா பாவம்தான், ஆனா என் கஸ்டமர் என்ன பாவம் பண்ணான்? அதைக் கீழ ஊத்துங்க, வேற போட்டுத் தரச் சொல்றேன்."

"பரவால்லலா. நல்லாத்தான் இருக்கு" என்று சார் கிளாஸை எடுத்தார்.

கடைசிச் சொட்டு வரை குடித்தார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். வெளியே வந்து வேனில் ஏறியதும் சார் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் கிளப்பாமல் இருந்தார். "அக்கா மாட்டை வித்துருவாங்களோ?" என்று கேட்டார்.

முதலாளி சொன்னது அக்காவின் காதுக்குப் போய்விட்டது. அந்த வாரமே எங்களை வரச் சொன்னார். போனபோது அண்ணன் வீட்டில் இல்லை. முட்டி வைத்தியத்துக்குக் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். நாள் பார்த்துத்தான் அக்கா எங்களைக் கூப்பிட்டிருக்கிறார். வேன் உள்ளே நுழைந்ததும் கேட்டைச் சாத்திச் சங்கிலி போட்டார். சாரின் எதிரே வந்து கையை நீட்டினார்.

"போனைக் கொடுங்க சார்."

சார் கொடுத்தார். கேட்டால் கொடுக்கிறவர்தானே. அக்கா அதை எடுத்துப்போய்த் தவிட்டு டிரம்முக்குள் போட்டு மூடினார்.

"சார், முதல் நாள் வேன் கதவுல ஒரு படம் போட்டீங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்குக்கா."

"அது சரியான படமா, தப்பான படமா?"

"சரியான படம்தான்க்கா." குரல் இறங்கிவிட்டது.

"அப்ப அதையே போடுங்க. உங்களைப் பத்தி நான் யோசிச்சுப் பார்த்தேன் சார். கடைசியா யாரு பேசுறாங்களோ அவங்க சொல்றதைத்தான் நீங்க செய்யிறீங்க. நான் முதல்ல பேசிட்டேன், அதான் தப்பாப் போச்சு. இன்னைக்கு வேலை முடியிற வரைக்கும் இந்த எடத்துல கடைசியா பேசுறது நான்தான்."

சார் அக்காவை நிமிர்ந்து பார்த்தார். சாரின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

"அதுக்கென்ன, போட்டுரலாம்லா" என்றார்.

எல்லா மூலையிலிருந்தும் கழற்றினோம். தகட்டைப் பால் ரூம் கூரைக்கு ஏற்றினோம். டேங்கை ஏற்ற அக்காவும் அவர் கணவரும் கயிறு பிடித்தார்கள். மோட்டார் இரண்டையும் பிடுங்கி ஓரமாக வைத்தோம். இடையில் தவிட்டு டிரம்முக்குள்ளிருந்து மணி அடித்தது. மாடுகள் எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தன. அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. ஒவ்வொரு முறையும் சாரின் கை ஸ்பேனரோடு நின்றுவிடும். அக்கா கீழேயிருந்து, "அது மாட்டுக்கு வந்த போன் சார், நீங்க வேலையைப் பாருங்க" என்பார்.

சார் போனை எடுக்காததால் சந்தேகப்பட்டு அண்ணன் சீக்கிரமே திரும்பிவிட்டார். லைன் வெட்டியிருப்பதைப் பார்த்துப் பண்ணைக் கேட்டைப் பிடித்து உலுக்கினார்.

"என்னடி நடக்குது இங்க? யாரைக் கேட்டு என் லைனை வெட்டுனீங்க?"

"லைன் உங்களுதுண்ணே, எடுத்து சுருட்டி உங்க வாசல்ல வச்சிருக்கேன். தண்ணி என்னது."

"வாஸ்து என்னாவுறது? நாளைக்குக் குடும்பத்துல எதாவது ஒண்ணுன்னா?"

"பால் திரிஞ்சது போதாதா, இன்னும் என்ன ஒண்ணு வேணும்? முட்டிக்கு நானே கேத்தல்ல தண்ணி சுட வச்சு எடுத்தாந்து ஊத்துறேன். போங்கண்ணே."

"உன்கிட்ட எனக்குப் பேச்சில்ல. சார் எங்க? சாரைக் கூப்பிடு. அவர் நல்ல மனுஷன், சொன்னா கேப்பாரு."

நல்ல மனுஷன் கூரை மேல் தகட்டுக்குப் பின்னால் குப்புறப் படுத்திருந்தார். பக்கத்தில் நான். தகரம் சுட்டது. "கூப்பிடுறாரேப்பா, எறங்கட்டுமா? பாவம், கால் வலியோட நிக்கிறாரு" என்று என் காதில் கேட்டார். எனக்குப் பேச்சு வராது என்று சொன்னேனே. தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்டினேன். அவர் என் தலையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். அண்ணன் கத்திக் களைத்துப் போனார்.

அடுத்த இரண்டு நாளும் நல்ல வெயில். மூன்றாம் நாள் விடிவதற்கு முன் சாருக்கு அக்காவிடமிருந்து போன். பேச்சு இல்லை, தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டதாம். பிறகு "ஸ்ஸ்ஸ்!" என்று ஒரு சத்தம், அதன்மேல் சிரிப்பு. "சார், கை வெந்துபோச்சு சார்!"

சாருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "மருந்து போட்டுரலாம்லா அக்கா" என்றாராம்.

கடைக்காரர் பாக்கெட் பாலுக்குப் போகவில்லை. மாடுகள் நின்றன. வாஸ்து ஐயா ஒருமுறை வந்து கூரையை அண்ணாந்து பார்த்து, வாயு மூலையில் நெருப்பு இருப்பது ரொம்ப நல்லது, காற்று இருந்தால்தானே நெருப்பு எரியும் என்று சொல்லி, தட்சிணை வாங்கிக்கொண்டு போனார். கன்னி மூலை மேடை இன்னும் இருக்கிறது. அதன்மேல் ஒரு சேவல் ஏறி நிற்கும்.

அதற்குப் பிறகு எந்தப் பண்ணைக்குப் போனாலும், படம் போட்டு முடித்ததும் சார் போனை என் சட்டைப் பையில் போட்டுவிடுவார். "நீயே வச்சிக்கப்பா" என்பார். அது அடிக்கும். எடுத்துப் பேச எனக்குக் கூச்சம். நிறுத்தவும் கூச்சம். அடித்து அடித்து ஓய்ந்துவிடும். அந்த நாலைந்து வருஷம் எங்கள் தகடுகள் எல்லாம் போட்ட படம் போலவே ஏறின, எல்லா இடத்திலும் தண்ணீர் சுட்டது. பேசத் தெரியாததால் ஒருவனுக்கு வேலையில் மரியாதை கூடியது என்றால் அது எனக்குத்தான் இருக்கும்.

சாரின் மனைவி தவறிய பிறகு, மெல்பர்னில் இருக்கிற மகள், "அப்பா, இங்க வந்துருங்க" என்றாள். அந்த நேரம் போன் என் பையில் இல்லை, அவர் வீட்டில் இருந்தது. போய்விட்டார். பிரிக்பீல்ட்ஸ் மழைக்கே ஸ்வெட்டர் தேடுகிறவர்.

போன மாதம் அக்கா பண்ணையில் ஒரு வால்வு மாற்றப் போனேன். தேயைக் கையில் கொடுத்துவிட்டு அக்கா கேட்டார்: "சாருக்கு அங்க ஒத்துக்குதாமா?"

"குளிருதுன்னு மெசேஜ் போட்டாருக்கா. வெயில் பார்த்து பத்து நாள் ஆச்சாம்."

"அப்ப ஏன் அங்க கெடக்குறாரு? யாரு கடைசியா பேசுனது?"

"மகதான்."

"நீ போன் போட்டு வரச் சொல்லு."

"நானாக்கா?"

"அன்னைக்குக் கூரை மேல உன் தலையாட்டலைத்தான் அவர் கேட்டாரு, சாரே சொன்னாரு. நீ சொன்னா வருவாரு. போடு."

வேறு வழியில்லை. போட்டேன். மணி அடிக்கும்போது, எடுக்க மாட்டார் என்றுகூட ஒரு நம்பிக்கை இருந்தது. எடுத்துவிட்டார். என் மூச்சுச் சத்தத்திலேயே நான்தான் என்று கண்டுபிடித்துவிட்டார்.

"என்னப்பா, அக்கா தண்ணி சுடுதா?"

"சுடுது சார்." அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், இங்க வந்துருங்க சார்."

"அதுக்கென்ன, வந்துரலாம்லா" என்றார். கோழிக்காரரிடமும் வாஸ்து ஐயாவிடமும் சொன்ன அதே குரல். அக்காவிடம் அன்று சொன்னதும் அதே குரல்தான்.

அவர் பின்னாலிருந்து மகள் கேட்பது எனக்குக் கேட்டது: "யாருப்பா போன்ல?"

நான் வைத்துவிட்டால் அடுத்துப் பேசப்போவது அவள்தான். எனக்கோ சொல்வதற்கு வேறு ஒன்றும் இல்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். அவரும் வைக்கவில்லை.